சிவப்புக் காரின் உதடு

செந்தூல், கோலாலம்பூர்
18.2.1979

அன்புள்ள மாமாவுக்கு,

பத்துமலை எழுதுகிறேன். பட்டறைத் தூசியில் கொஞ்சம் இருமல், மற்றபடி சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பீடோர் தோட்டத்தில் அம்மா நன்றாக இருப்பதாகத் தகவல் வந்தது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எங்கள் முதலாளி குலசிங்கம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார். ஏப்ரலில் அதைப் பந்தயத்தில் ஓட்டப்போகிறார். அதன் முன்பம்பருக்குக் கீழே, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், ஒரு தட்டு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் 'லிப்' என்போம். வேகம் கூடும்போது காற்று அடியில் புகுந்து காரின் மூக்கைத் தூக்கிவிடாமல் அதுதான் அமுக்கிப் பிடிக்கும். இரண்டு போட்டுப் பார்த்துவிட்டேன். பலகை ஈரத்தில் ஊதிப் பிளந்தது. அலுமினியம் ஒரு மேட்டில் உரசி மடங்கிவிட்டது. இரும்பு போடலாமென்றால் கனம்.

"உந்த லிப் உடையாமல் பந்தயம் முடிஞ்சுதெண்டால் நீர்தான் இங்க ஃபோர்மன்" என்று முதலாளி சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். சொன்னால் சொன்னதுதான்.

என் யோசனை ரப்பர். ஈயம் தோண்டுகிற லம்பத்தில் மண் சுமக்கிற பெல்ட் இருக்கிறதே, உள்ளே துணி வைத்த கெட்டி ரப்பர், அது தரையில் உரசினாலும் வளைந்து கொடுக்கும், உடையாது. ஈப்போவைச் சுற்றி மூடிக் கிடக்கும் லம்பங்களில் பழைய துண்டு கிடைக்கும். ஆறடி நீளத்தில் ஒன்று அனுப்ப முடியுமா?

நீங்கள் ஃபைபர் கிளாஸ் பட்டறையில் தலைமை ஆள் என்பதால் உங்கள் அபிப்பிராயமும் வேண்டும். ஆனால் மாமா, கோபப்படாதீர்கள். கேள்விப்பட்டதை எழுத வேண்டாம். கையால் செய்து பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மருமகன்
பத்துமலை


சிலிபின், ஈப்போ
26.2.1979

என் அக்காள் பெற்ற சிங்கத்துக்கு,

மாமன் உடையப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. நான் இரும்பு மாதிரி இருக்கிறேன். முழங்காலை எக்ஸ்ரே பிடித்துப் பார்த்த டாக்டர், "மிஸ்டர் உடையப்பன், இப்படி ஒரு முட்டி பேராக் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது" என்று சொல்லிப் படத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். உன் இருமலுக்கு இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடி.

உன் கடிதத்தைக் கோப்பிக்கடையில் வைத்துச் சத்தமாகப் படித்தேன். பந்தயக் கார் என்றதும் நாலு மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ராமையா கேட்டான், "ஏண்ணே, கோலாலம்பூர்ல இருந்து ஒங்களக் கேட்டா எழுதுறாங்க?" நான் சொன்னேன், "பின்ன யாரக் கேப்பாங்க, ஒன்னையாலா?"

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லூமுட்டில் ஒரு பெரிய அதிகாரியின் விசைப்படகுக்கு அடிப்பாகம் யார் போட்டது? இந்த மாமன்தான். படகு பாறையில் மோதியது. பாறை பிளந்துவிட்டது, படகுக்குக் கீறல்கூட இல்லை. அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதுதான் ஃபைபர் கிளாஸ். பலத்தில் எஃகுக்கு அண்ணன், கனத்தில் காகிதத்துக்குத் தம்பி.

நீ ரப்பர் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்தபோது கோப்பி கசந்துவிட்டது. உன் அப்பா ரப்பர் மரத்தடியில் விழுந்து செத்தார். உன் அம்மா முப்பது வருஷம் விடியுமுன் எழுந்து பால் வாளி தூக்கினாள். நான் தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைத்தே என் வாலிபத்தை முடித்தேன். அந்த நாற்றம் உடம்பிலிருந்து போக எனக்குப் பத்து வருஷம் ஆனது. நீ அதையே வெட்டி, ஒரு சிவப்புக் காரின் முகத்தில், ஊர் பார்க்கக் கட்டப்போகிறாயா? தோட்டத்துப் பயல் தோட்டத்துப் புத்தியைக் காட்டிவிட்டான் என்று அந்த யாழ்ப்பாணத்துக்காரர் நினைக்க மாட்டாரா?

அளவை மட்டும் அனுப்பு. மற்றதை மாமன் பார்த்துக்கொள்வேன்.

உடம்பில் சூடு ஏறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி.

மாமன்
உடையப்பன்


செந்தூல்
7.3.1979

அன்புள்ள மாமாவுக்கு,

இஞ்சி குடித்தேன், இருமல் தணிந்தது. நீங்களும் சுகமாக இருப்பது தெரிந்து சந்தோஷம்.

அளவைத் தனித் தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். ஆனாலும் எனக்கு ரப்பர்தான் சரியென்று மனசுக்குப் படுகிறது. ஃபைபர் கிளாஸ் நல்ல சாமான்தான். ஆனால் ரெசின் பிசினை இறுக வைக்கிற ஹார்டனரை அளந்து ஊற்ற வேண்டும் என்கிறார்கள். கூடினால் சீக்கிரம் இறுகும், ஆனால் பீங்கான் தட்டு மாதிரி நொறுங்கும் என்கிறார்கள். நீங்கள் செய்வதாக இருந்தால் தயவுசெய்து அளந்து ஊற்றுங்கள். செய்தபின் ஏதாவது ஒரு காரில் கட்டி வேகமாக ஓட்டிப் பார்த்து, எத்தனை மைல் வேகம் தாங்கியது என்று எழுதுங்கள். பந்தயத்தில் கார் நூறு மைலைத் தொடும்.

முடியாவிட்டால் பெல்ட் துண்டு மட்டும் போதும். அதுவே எனக்குப் பெரிய உதவி.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்கிறார்களாம். அம்மா ஒன்றும் எழுத மாட்டாள். நீங்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பத்துமலை


சிலிபின், ஈப்போ
20.3.1979

மாப்பிள்ளைக்கு,

நான் நலத்துக்கே நலம் சொல்லும் நிலையில் இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாயாக.

லிப் முடிந்தது. பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிட்டேன். சாக்கில் சுற்றிச் சணலால் நானே கட்டியிருக்கிறேன், அந்த முடிச்சை அவிழ்ப்பதற்கே உனக்கு ஒரு நாள் ஆகும்.

எப்படிச் செய்தேன் என்று கேள். என் கீழே வேலை செய்யும் பிச்சைமுத்து பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணே, ரெண்டு கரண்டி போதும்லா, டின்னுலயே எழுதியிருக்கு" என்றான். நான் சொன்னேன், "எழுதுனவன் எந்தத் தோட்டத்துலடா பால் ஒறய வச்சான்? இருவது வருசம் பாலுக்கு ஆசிட் ஊத்துன கை இது. கரண்டியா புடிச்சேன்? மூக்குதான்டா கரண்டி." ரெசின் என்றால் என்ன, அதுவும் ஒரு பால்தானே. மூக்கு போதும் என்று சொல்லும்வரை ஊற்றினேன். பத்தே நிமிடத்தில் உறைந்துவிட்டது. முட்டை உடைத்து ஊற்றினால் வெந்துவிடும், அவ்வளவு சூடு. பிச்சைமுத்து கரண்டியைக் கீழே போட்டுவிட்டான்.

அதோடு விட்டேனா? நீ சொன்னபடி பீடோருக்கும் போனேன். அக்கா நன்றாக இருக்கிறாள். லிப்பையும் கையோடு கொண்டுபோய், பழைய புகை வீட்டில், ரப்பர் ஷீட் தொங்குகிற மூங்கிலிலேயே மூன்று நாள் தொங்கவிட்டேன். வெள்ளையாகப் போனது கருப்பட்டி நிறத்தில் வெளியே வந்தது. இந்த வித்தை ஜப்பான்காரனுக்கும் தெரியாது. தெரிந்தால் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

வேகம் கேட்டாய். தெரிந்தவர் ஒருவரின் காரில் கட்டி, ஈப்போவிலிருந்து கம்பார்வரை நூறு மைல் வேகத்தில் நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அசையவில்லை. அப்புறம் ஒரு லாரியை மேலே ஏற்றினேன். லாரியின் டயர்தான் வெடித்தது.

பெல்ட் எங்கும் கிடைக்கவில்லை. லம்பம் லம்பமாக அலைந்துவிட்டேன்.

ஃபோர்மன் பத்துமலைக்கு என் வணக்கம் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மாமன்


செந்தூல்
1.4.1979

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். அவசரமாக எழுதுகிறேன்.

லிப் வந்தது. பார்வைக்கு அழகாக இருக்கிறது. புகை வாசம் இன்னும் போகவில்லை. இரண்டு முனையிலும் முடி மாதிரி மெல்லிய கோடுகள் தெரிகின்றன. விரலால் தட்டினால் பீங்கான் மாதிரிச் சத்தம் வருகிறது. இங்கே இரண்டு இடத்தில் பெல்ட் கேட்டுப் பார்த்தேன், இல்லை. வருகிற ஞாயிறு ஒத்திகை ஓட்டம். முதலாளி ஓட்டுவார். லிப்பில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்க நான் பக்கத்தில் உட்கார வேண்டும்.

இந்தக் கோடுகளை நினைத்து இரண்டு நாளாக யோசித்தேன். நீங்கள் கம்பார்வரை நூறு மைலில் போய்ப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை நம்பிக் கட்டுகிறேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்துமலை


சிலிபின், ஈப்போ
10.5.1979

பந்தயச் சிங்கத்துக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் சுகத்துக்குக் குறைவிருக்காது, வெற்றி பெற்றவனுக்கு என்ன குறை.

ஒரு மாதம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஃபோர்மன் ஆனதும் மாமனை மறந்துவிட்டாயா? கோப்பிக்கடையில் நாலு மேசைக்கும் நான் கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டேன். "பேப்பர்ல படம் வரும், காரோட மூக்குக்குக் கீழ பாரு, அது ஒங்க அண்ணன் கை" என்று ராமையாவிடம் சொல்லியிருக்கிறேன். அவன் தினமும் பேப்பரை விரித்துத் தேடுகிறான். "காணமேண்ணே" என்கிறான். "ஒனக்குக் கண்ணு சரியில்ல" என்கிறேன்.

பிச்சைமுத்துகூட அடுத்த தண்ணீர்த் தொட்டிக்கும் மூக்கால் அளந்து ஊற்றச் சொல்லி என்னைக் கெஞ்சுகிறான்.

ஒரு தபாலட்டையாவது போடு. முதலாளி என்ன சொன்னார் என்று அவர் சொன்ன சொல்லிலேயே எழுது. இங்கே படித்துக் காட்ட வேண்டும்.

மாமன்


கோலாலம்பூர்
4.6.1979

மாமாவுக்கு,

இருக்கிறேன்.

ஒத்திகை ஓட்டத்திலேயே லிப் உடைந்து முன்சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. கார் மண்மேட்டில் ஏறிப் புரண்டது. முதலாளிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. எனக்கு உயிருக்கு ஒன்றுமில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே முதலாளி கேட்டார். "உந்த லிப்பை ஆர் செய்தது?" உங்களுக்குப் போலீஸ், கேஸ் என்று எதுவும் வந்துவிடக் கூடாது. நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு எழுத வேண்டாம்.

பத்துமலை


சிலிபின், ஈப்போ
12.6.1979

அன்பு மருமகனுக்கு,

கடிதம் கண்டேன். உயிருக்கு ஒன்றுமில்லை என்ற வரியைப் படித்ததும் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன். நான் நலம்.

யோசித்துப் பார்த்தேன். வழியில் கல் கிடந்திருக்கும். இல்லையென்றால் ஆணி சரியாக இறுகியிருக்காது. ஓட்டியவரும் பணக்கார வீட்டுப் பிள்ளை, எது பிரேக் எது எண்ணெய்ப் பெடல் என்று தெரியாமல் மிதித்திருப்பார். நல்ல சாமான் கெட்ட கையில் போனால் அப்படித்தான்.

நீ செய்ததாகச் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. நீ சின்ன வயசு, தாங்குவாய். எனக்கு இந்த வயசில் பெயர் போனால் திரும்ப வராது. இங்கே யாரும் இப்போது அதைப் பற்றிக் கேட்பதில்லை. ராமையா ஒருநாள் கேட்டான். "எந்தக் காரு?" என்றேன், விட்டுவிட்டான்.

அது என்ன கையெழுத்து? தோட்டப் பள்ளியில் எழுத்துக்குப் பரிசு வாங்கியவன், இப்போது கோழி கிளறின மாதிரி எழுதியிருக்கிறாய். பாதிக் கடிதத்தை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். கோலாலம்பூர் போய்ப் படித்ததையும் மறந்துவிட்டாயா?

நன்றாகச் சாப்பிடு, தூங்கு. எல்லாம் சரியாகிவிடும்.

மாமன்


கோலாலம்பூர்
2.7.1979

மாமாவுக்கு,

கோழி கிளறியதற்குக் காரணம் கேட்டீர்கள். இது இடது கை.

கார் புரண்டபோது என் பக்கக் கதவு திறந்துகொண்டது, அதைப் பிடிக்கப் போன வலது கை கதவுக்கும் மண்ணுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் போய்விட்டன. மிச்சமிருக்கும் இரண்டால் ஸ்பானர் பிடிக்க முடியாது. இந்தக் கடிதத்தை எழுத மூன்று நாள் ஆயிற்று.

முதலாளி கெட்டவர் இல்லை. போன வாரம் பேசினார். "கை போனது எனக்குக் கவலையில்லை எண்டு இல்லை. ஃபோர்மனுக்குக் கையை விடக் கண்ணும் காதும்தான் வேணும். ஆனால் அளவு பாராமல் ஊத்தினவனை எப்பிடி நான் நம்பிறது?" உடைந்த துண்டை யாரோ தெரிந்தவரிடம் காட்டியிருக்கிறார். ஹார்டனர் நாலு மடங்கு கூடுதலாம்.

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். செய்தது என் மாமா என்றேன். சிரித்தார். "முதல் நீர் எண்டீர். இப்ப மாமா எண்டுறீர். நாளைக்கு ஆரைச் சொல்லுவீர்? அந்த மாமாவைக் கூட்டிக்கொண்டு வாரும், அவர் வாயால சொல்லட்டும். சொன்னால் அடுத்த நாளே நீர் ஃபோர்மன்" என்றார். கேஸ் ஒன்றும் போட மாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

15-ஆம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் வீட்டில் இருப்பார். பஸ் நிலையத்தில் நான் காத்திருக்கிறேன். நீங்கள் வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'நான்தான் செய்தேன்.' நீங்கள் ஆயிரம் தடவை சொன்ன வாக்கியம்தானே மாமா.

முழங்கால் வலித்தால் டாக்சியில் வாருங்கள், நான் கொடுத்துவிடுகிறேன்.

பத்துமலை


சிலிபின், ஈப்போ
20.7.1979

அன்பு மருமகனுக்கு,

சுகம் விசாரித்து எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேட்டால் நீ நம்ப மாட்டாய்.

சனிக்கிழமையே சட்டை தேய்த்து வைத்துவிட்டேன். விடிகாலை முதல் பஸ்ஸில் முன் சீட்டு. தாப்பா தாண்டும் முன்னால் சாலை நடுவில் ஒரு யானை. ஒன்று இல்லை, குட்டியோடு மூன்று. டிரைவர் நடுங்குகிறான். நான் இறங்கி, தோட்டத்தில் யானை விரட்டிய பழக்கத்தில் கையைத் தட்டி ஒரு அதட்டல் போட்டேன். இரண்டு போய்விட்டன. தாய் யானை மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. மூன்று மணி நேரம். அப்புறம் பஸ்ஸைத் திருப்பிவிட்டார்கள். இரவிலிருந்து காய்ச்சல் வேறு.

இன்னொரு நாள் வரலாம் என்றால் இங்கே பட்டறையில் நான் இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. அந்த முதலாளிக்கு என் வணக்கத்தைச் சொல். பெரிய மனிதர், மனசு இரங்குவார். நான் செய்தேன், நீ செய்தாய் என்பதெல்லாம் இனிமேல் எதற்கு? குடும்பம் ஒன்றுதானே.

இடது கையிலும் எழுத்து திருந்தி வருகிறது. நீ கெட்டிக்காரன்.

மாமன்


பீடோர்
9.9.1979

மாமாவுக்கு,

நானும் அம்மாவும் இருக்கிறோம். கோலாலம்பூரை விட்டு வந்துவிட்டேன். கையைப் பார்த்த அன்று அம்மா சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் வைத்தாள். இப்போதும் வைக்கிறாள். எனக்கு இருபத்தாறு வயசு.

அந்த ஞாயிறு சாயங்காலம்வரை பஸ் நிலையத்தில் இருந்தேன். ஈப்போவிலிருந்து ஆறு பஸ் வந்தது. எல்லாம் நேரத்துக்கு வந்தன.

போன வெள்ளிக்கிழமை ஈப்போவுக்கு, உங்கள் பட்டறைக்கு வந்தேன். நேரில் கூப்பிட்டால் வருவீர்கள் என்று ஒரு நப்பாசை. பிச்சைமுத்து அண்ணன் இருந்தார். தலைமை ஆள் உடையப்பன் எங்கே என்று கேட்டேன். "தலைமையா? மணல்தாள் போட்டுத் தேய்ப்பாருலா நம்ம அண்ணன். தேய்ச்ச தூசியக் கூட்டுவாரு. இப்பதான் இங்க நின்னாரு தம்பி, எங்க போனாருன்னு தெரியலயே" என்றார். பின்கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கம்பார்வரை ஓட்டிப் பார்த்த காரைப் பற்றியும் கேட்டேன். "காரா? அண்ணன் ஒக்காந்தா வாந்தி எடுப்பாரே" என்றார்.

உங்கள் செருப்பு வாசலில் கிடந்தது. எதன் மேல் கிடந்தது என்று பார்த்தேன். கெட்டி ரப்பர், ஓரத்தில் துணி தெரிந்தது, நீளம் சரியாக ஆறடி. கால் துடைக்கப் போட்டிருந்தீர்கள். "அதுவா, அண்ணன் மார்ச்சு மாசம் லம்பத்துலேருந்து தூக்கிட்டு வந்தாரு" என்றார் பிச்சைமுத்து. குனிந்து இடது கையால் அழுத்திப் பார்த்தேன். நல்ல பெல்ட். ஒரு மணி நேரம் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

கோடுகளைப் பார்த்தும் கட்டியவன் நான். தப்பில் அந்தப் பாதி என்னுடையது, அதை நான் யார் மேலும் போடவில்லை.

தோட்டத்தை விற்றாலும் புகை வீட்டை மட்டும் ஒருவர் குத்தகைக்கு நடத்துகிறார். அதில் வேலை. ஷீட் தொங்கவிட ஒன்றரைக் கை போதும். நீங்கள் தொங்கவிட்ட மூங்கிலில் ரெசின் ஒரு சொட்டு ஒட்டியிருக்கிறது. தினமும் பார்க்கிறேன்.

லூமுட் படகு, நூறு மைல், யானை எல்லாவற்றையும் நீங்கள் செய்ததாக ஊர் முழுக்கச் சொன்னீர்கள். உங்கள் ஆயுளில் நீங்கள் உண்மையாகவே கையால் செய்த ஒரே சாமான் அந்த லிப். அதை மட்டும் ஏன் மாமா நான் செய்தேன் என்று சொல்ல வரவில்லை?

உடைந்த துண்டை முதலாளியிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். பஸ்ஸில் போட்டிருக்கிறேன். கட்டியது உங்கள் சணலால்தான்.

பத்துமலை


சிலிபின், ஈப்போ
15.1.1980

அன்பு மருமகனுக்கும் அக்காவுக்கும்,

பொங்கல் வாழ்த்து. இங்கே மழை விட்டு வெயில் வந்துவிட்டது, நான் குறையில்லாமல் இருக்கிறேன். அங்கேயும் குறையில்லாமல் இருக்க மாரியம்மன் துணை.

பார்சல் வந்தது. வேலை மிகுதியால் இன்னும் பிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. யாராவது கேட்டால் பழைய சாமான் என்கிறேன்.

ஒரு சந்தோஷ சமாச்சாரம். போன வாரம் பினாங்கிலிருந்து ஒரு பந்தயக் கார்க்காரர் எங்கள் பட்டறைக்கு வந்தார். உன் சிவப்புக் காரைப் போலவே கார், அதே போல லிப். தொட்டுப் பார்த்தேன், ரப்பர். லம்பத்து பெல்ட்டேதான். மூன்று பந்தயம் ஓடியும் உடையவில்லையாம். நம் வாசலில் கிடந்ததைக் கண்டதும், "அங்கிள், இது எங்க கெடச்சிச்சி? ஸ்பேருக்குக் குடுங்க" என்றார். கழுவிச் சுருட்டி அப்படியே கொடுத்துவிட்டேன். என் தோளைத் தட்டி, "ஒங்களுக்கு மெட்டீரியல் தெரியுது" என்றார். பட்டறை முழுக்கப் பார்த்தார்கள். பிச்சைமுத்துவும் பார்த்தான்.

அன்று சாயங்காலமே கோப்பிக்கடையில் சொன்னேன். இந்த நாட்டில் காருக்கு ரப்பர் லிப் என்று முதன்முதலில் யோசித்தவன் நான்தான், என் அக்கா மகனுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே எழுதினேன், அவன்தான் கேட்காமல் ஃபைபர் போட்டுக் கையைக் கெடுத்துக்கொண்டான் என்று. ராமையா கேட்டான், "அப்பிடியா, ரப்பருன்னு நீங்களாண்ணே சொன்னீங்க?" வேறு யாருடா சொன்னது என்றேன்.

அவன் அடுத்த மாதம் பீடோர் பக்கம் ஒரு கலியாணத்துக்கு வருகிறான். புகை வீட்டுக்கு வந்து உன்னைப் பார்த்தாலும் பார்ப்பான். கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடு. இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால்தான் நம்புவார்கள்.

காலைப் பனியில் காதை மூடிக்கொள்.

மாமன்
உடையப்பன்